கரகத்து ஓடையின் பூச்சி

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுகிறவர் செல்லசாமி. அந்தத் தண்ணீர் வரும் ஓடையில் இப்படியொரு பூச்சி இருப்பதே அறுபதை நெருங்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தனுஜா ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினாள். தட்டையான உடம்பு, இரண்டு வால், கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. குளிர்ந்து வேகமாக ஓடும் சுத்தமான தண்ணீரில்தான் வாழுமாம். அவள் தேடிய ஒன்பது ஓடைகளில் இரண்டில்தான் கிடைத்திருந்தது.

அன்றிலிருந்து யார் தண்ணீரைக் குறை சொன்னாலும், "பூச்சியே சர்டிபிகேட் குடுத்திருச்சி, ஒங்களுக்கு என்னா?" என்பார்.

பங்குனித் திருவிழாவுக்கு அம்மன் குடத்தை அலங்கரித்துக் கரகம் பாலிப்பதும் அந்த ஓடையில்தான். அந்த வருடமும் திருவிழாவுக்கு முதல்நாள் ஓடையில் இறங்கி, பாசி பிடித்த கற்களைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தனுஜா கடைசிக் கணக்கெடுப்புக்கு வருகிறாளே என்று கூடக் கொஞ்சம் தேய்த்தார்.

அவள் இருபது கல் புரட்டினாள். ஒன்றுகூட இல்லை.

"கல்ல யாரு மாமா தேச்சா?"

"நான்தான் மிஸ். சுத்தமான எடத்துலதான் இருக்கும்னீங்களே?"

"தண்ணி சுத்தமா இருக்கணும்னேன். கல்லக் குளிப்பாட்டச் சொன்னேனா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மேல மரத்தையும் வெட்டிட்டாங்க. எதுனால போச்சுன்னு எனக்கே தெரியல. கெடைக்கலன்னா, பூச்சி இருக்குற எடத்தக் குறிச்ச படத்துலருந்து இந்த ஓடைய எடுத்துரணும்."

செல்லசாமி தேய்த்த கற்களைப் பார்த்தார். முப்பது வருடமாகத் தேய்க்கிற கல். அப்படியென்றால் பூச்சி வருடா வருடம் போய், வருடா வருடம் திரும்பியதா? எங்கிருந்து?

"மேல வாங்க மிஸ்," என்று யாரும் தேய்க்காத வளைவுக்கு ஏறினார். அங்கே ஒரு பாறையில் அதே உருவம், அதே இரண்டு வால். தொட்டார். முதுகு பிளந்த வெறும் தோல்.

"றெக்க மொளச்சுப் பறந்திருக்கு," என்றாள் தனுஜா. "எப்பன்னு சொல்ல முடியாது." படத்தில் கேள்விக்குறி போட்டாள்.

"அப்படின்னா இருக்குங்களா, இல்லீங்களா?"

"தெரியல மாமா. அடுத்த பங்குனிக்கு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அடுத்த பங்குனியில் கரகக்காரர் கால் வைக்கும் மூன்று கல்லை மட்டும் தேய்த்தார். நான்காவது கல் பச்சைப் பாசியோடு கிடந்தது. அதைப் புரட்டக் கை போனது, இல்லையென்றால் ஓடை படத்திலிருந்து போய்விடுமே என்று திரும்பி வந்தது. அப்போது தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களா மாமா?"

"நாலாவது கல்ல இன்னும் தேய்க்கல மிஸ்," என்றார் செல்லசாமி.