டெஸ் லாக்கெட்டின் பாம்புக் காது

டெஸ் லாக்கெட்டுக்குப் பாம்புக் காது என்று லான்செஸ்டன் ஊரில் ஹைஃபை பாட்டுக் கருவி வைத்திருக்கிற அத்தனை பேரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஆள் ஒன்றும் சங்கீத வித்வான் இல்லை. கார் டிங்கரிங் பட்டறைக்காரர். இன்வர்மேயில் பட்டறை வைத்து, ஆயுசு முழுக்க நசுங்கின கதவுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினவர். விலைக்கு வரும் காரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே, துருவை எந்த இடத்தில் பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைத்தான் மாதம் ஒரு சனிக்கிழமை ஹைஃபை சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். சாரணர் கூடத்தில் கூடுகிற சங்கம். ஆளுக்கொரு தட்டில் சாசேஜ் ரோலோ கேக்கோ கொண்டுவர வேண்டும். யாராவது புதிதாக ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ வாங்கியிருந்தால் அதையும் தூக்கி வர வேண்டும். கூடத்தின் நடுவில் ஒற்றை நாற்காலி. அதில் டெஸ் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் ரோலைக் கடிக்க மாட்டார்கள். "நல்லா திறந்து பாடுது" என்று அவர் சொல்லிவிட்டால் போதும், வாங்கினவர் வாயெல்லாம் பல். "போர்வை போத்தின மாதிரி இருக்கே" என்று சொன்னாரோ, அந்தப் பெட்டி அடுத்த மாதம் விற்பனைக்கு வந்துவிடும். பெரிய மனுஷன் என்ற நினைப்பு ஏறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்துபோனால், மற்றவர்கள் வீட்டுக்குப் போய் அவருடைய கருவிகளுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுப்பார்கள். விவரம் தெரியாத மனைவியை எவனும் ஏமாற்றிவிடக் கூடாதல்லவா? கோடையில் ரெக்ஸ் வைனி மாரடைப்பில் போனபோது, அந்தப் பொறுப்பு டெஸ் தலையில் விழுந்தது. ரெக்ஸ் அவருக்கு நாற்பது வருஷச் சிநேகிதம். ட்ரெவாலினில் ஆற்றைப் பார்த்த வீடு. கூடத்தில் சூடேறவே அரை மணி நேரம் பிடிக்கிற வால்வு ஆம்ப்ளிஃபயர், அலமாரி உயரத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர்கள், இருக்கிற சிடி எல்லாவற்றையும் ஏற்றி வைத்த ஒரு கம்ப்யூட்டர், கூடை நிறைய ரிமோட்டுகள். ரெக்ஸின் மனைவி கிளெனிஸ் ஊர்ப் பாட்டுக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவள். பாட்டு இல்லாமல் உருளைக்கிழங்குகூட உரிக்க மாட்டாள்.

"இந்த ரெக்ஸோட மிருகக்காட்சி சாலைய மேய்க்க என்னால முடியாதுப்பா," என்றாள் அவள். "எதை முதல்ல போடணும், எதைக் கடைசியா அணைக்கணும்னு ஒண்ணும் புரியல. போன்ல தொட்டா பாடணும். நீயே பார்த்து ஒண்ணு வாங்கிக் குடு டெஸ்."

"நீயும் கடைக்கு வாயேன். உன் காதால ஒரு தடவை கேட்டுரு."

"நான் எதுக்கு? உன் காது இருக்கே."

அந்த இடத்தில் டெஸ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்ன உண்மை? அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவர் காது பரிசோதிக்கிற இடத்துக்கு யாருக்கும் தெரியாமல் போய்வந்திருந்தார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு சமமாகப் போய், திடீரென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. "கீழ்ச் சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. மேல் சத்தம்தான் போயிடுச்சு. குருவி கத்துறது, ஜால்ராவோட சிலுசிலுப்பு, இதெல்லாம் ரொம்பத் தூக்கலா வந்தாத்தான் உங்களுக்குக் கேக்கும். சுத்தியல் வேலைங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். டெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மனைவி வெண்டியிடம், "காதுல அழுக்கு அடைச்சிருந்துச்சாம்" என்று ஒரே வரியில் பூசி மெழுகினார். ஊர்க் காரில் பட்டி பார்த்த இடத்தையெல்லாம் கண்டுபிடித்த மனிதர், தன் துருவுக்குத் தானே பட்டி பார்த்துக்கொண்டார்.

கடைக்குத் தனியாகத்தான் போனார். கடைக்காரி ஷெல்லி நல்ல தொழில்காரி. ஆம்ப்ளிஃபயரில் சிக்கல் இல்லை. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து வாசிக்கிற சின்னப் பெட்டி, எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. ஸ்பீக்கரில்தான் இரண்டு ஜோடி வைத்துப் பார்த்தார்கள். முதல் ஜோடி டெஸ்ஸுக்குப் போர்வை போத்தின மாதிரி இருந்தது. இரண்டாவது ஜோடி ஒல்லியானது, உச்சியில் பளபளவென்று உலோகக் குமிழ். அது வாயைத் திறந்ததும் டெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு நாளாயிற்று, ஜால்ராச் சத்தம் இவ்வளவு துல்லியமாகக் கேட்டு! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அவங்க வீட்டுக் கூடம் எப்படி?" என்று கேட்டாள் ஷெல்லி. "வெறும் மரத்தரை, பெரிய கண்ணாடி ஜன்னல்னா இது கொஞ்சம் காதைக் குத்தும். முதல் ஜோடி சாந்தமா இருக்கும்."

கூடம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் டெஸ்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏம்மா, உங்கப்பா கார் லைசென்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாலயே நான் ஸ்பீக்கர் பொறுக்கிக் குடுத்தவன். எது குத்தும் எது குத்தாதுன்னு நீ எனக்குச் சொல்லாதே."

ஷெல்லி சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். வாடிக்கையாளர் வாய்க்கு எதிர்வாய் பேசியா கடை நடத்த முடியும்?

டெஸ் புதியதை மாட்டிக் கொடுத்தார். "நல்லா இருக்குல்ல?" என்றார். அது கேள்வியே இல்லை. கிளெனிஸ், "ஆமா ஆமா, ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள். ரெக்ஸின் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சங்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். அலமாரி உயர ஸ்பீக்கர்கள் யாருக்கும் வேண்டாம். அவை புல்வெளிப் பந்தாட்ட கிளப்புக்குப் போய், வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடக்கிற குலுக்கலின் எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தன. போவதற்கு முன்னால் கிளெனிஸ் அவற்றின் தலையில் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தாள். டெஸ் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல வண்டியை எடுத்தார்.

குளிர்காலம் முடிகிற சமயம், வெண்டி கிளெனிஸைப் பார்த்துவிட்டு வந்து குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"கிளெனிஸ் பாட்டுக் குழுவ விட்டுட்டாளாம்."

"ஏன்?"

"பாட்டே வேண்டாங்கிறா. ரெக்ஸ் போனதுலேருந்து எந்தப் பாட்டப் போட்டாலும் காதுல கீறுற மாதிரி இருக்காம். நெஞ்சே கல்லாயிடுச்சு வெண்டிங்கிறா. டாக்டர் ஏதோ மாத்திரை குடுத்திருக்காரு. உன் ஸ்பீக்கர் மேல பாத்திரம் துடைக்கிற துணிய மூடி வெச்சிருக்கா, பாவம்."

டெஸ் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாளே போனார். கிளெனிஸ் இளைத்திருந்தாள். ஸ்பீக்கர் துணியைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது, ஓடிப்போய் எடுத்தாள். "தூசி படக்கூடாதுன்னுதான்" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கு வலிக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்பதும் தெரிந்தது.

"ஏதாவது போடேன்," என்றார்.

அவள் போனைத் தொட்டாள். வயலின்கள் தொடங்கின. டெஸ்ஸின் காதுக்குத் தேனாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனால் கிளெனிஸின் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. கணப்பு முன்னால் சுருண்டு கிடந்த அவள் நாய் மோலி தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்தது, குளிரில் கிடந்தாலும் பரவாயில்லை என்று கதவைப் பிறாண்டியது.

"பாரேன், நாய்க்குக்கூடப் பிடிக்கல!" கிளெனிஸ் சிரிக்கப் பார்த்தாள். "எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு டெஸ். ஸ்பீக்கர் மேல சந்தேகமே இல்லை. நீ கேட்டுப் பொறுக்கினதுல தப்பு இருக்குமா என்ன?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காதால் தெரியாதது டெஸ்ஸுக்குக் கண்ணால் தெரிந்துவிட்டது. இந்த அறையில் உயிருள்ள மற்ற இரண்டு ஜீவனையும் குத்துகிற ஏதோ ஒன்று காற்றில் இருக்கிறது, தனக்கு மட்டும் அது இல்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பாட்டும் கைவிட்டுவிட்டது என்று நம்ப வைத்தது துக்கம் இல்லை, தன் வீம்பு. இப்போதாவது வாயைத் திறந்தாரா என்றால், இல்லை. "ஒயர் லூசா இருக்கும். பாக்கிறேன்," என்று முணுமுணுத்து, லூசாக இல்லாத ஒயரைத் திருகிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கோழைத்தனத்துக்கும் ஒரு அளவு இல்லையா!

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். பந்தாட்ட கிளப்புக்காரர்களைக் கெஞ்சி ரெக்ஸின் ஸ்பீக்கரைத் திரும்ப வாங்குவது. கிளெனிஸிடம், புது ஸ்பீக்கரில் கம்பெனிக் கோளாறு, அவர்களே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிடுவது. அவளுக்குப் பாட்டு கிடைத்துவிடும், இவருக்குக் காது தப்பிவிடும். வெண்டியிடம் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிற?"

"உன் முதுகுக்குப் பின்னால கெட்டில் கத்துது. கேக்குதா?"

டெஸ் திரும்பினார். அடுப்பின்மேல் விசில் கெட்டில் ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது ஊமையாகத்தான் தெரிந்தது.

"மூணு வருஷமா நான்தான்யா ஓடி வந்து அணைக்கிறேன்," என்றாள் வெண்டி. "அழுக்கு அடைச்சிருக்குன்னு நீ சொன்னப்ப, சரி, கிழவனுக்கு மானம் பெரிசு, போகட்டும்னு விட்டேன். அவளுக்கு நீ வாங்கப் போறப்பவாவது நான் வாயத் திறந்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு. ஆனா இப்ப கம்பெனி மேல பழியப் போட்டேன்னு வெச்சுக்கோ, நானே போய்ச் சொல்லிடுவேன்."

"அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவ ஒரு குளிர்காலம் பூரா கண்ணாடில தன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, இவ்வளவுதானா நான்னு கேட்டிருக்கா. நீ ஒரு காலைப்பொழுது முழிச்சா செத்தா போயிடுவ?"

காலையில் போனார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, நின்றபடியே சொன்னார். பரிசோதனைக்குப் போனது, தெரிந்தே மறைத்தது, ஷெல்லி எச்சரித்தது, அவள் வாயை அடைத்தது, நேற்று ஒயரைத் திருகினது வரைக்கும் சொன்னார். முடிந்ததும் கிளெனிஸ், "உக்காரு" என்றுகூடச் சொல்லவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் மெதுவாக.

"ஒண்ணும் ஆகல, கிளெனிஸ். என் காதுதான்."

"நான் மாத்திரை சாப்பிடுறேன் டெஸ். குழுவுல எல்லார் முன்னாலயும் நின்னு, இனிமே எனக்குப் பாட்டு வராதுன்னு சொல்லிட்டு வந்தேன். ரெக்ஸ் மேல இருந்த ஆசையும் இவ்வளவுதான்போல, அவன் பாட்டக்கூட என்னால சகிக்க முடியலயேன்னு என்னை நானே கரிச்சுக் கொட்டினேன். அத மாட்டின அன்னிக்கு நீ இதே நாற்காலில உக்காந்து என் கேக்கைத் தின்னுட்டுப் போன." குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "போ. போய் ரெக்ஸோட ஸ்பீக்கரக் கொண்டா. வேற எதுவும் பேசாத."

பந்தாட்ட கிளப்பில் டெஸ் எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்லித்தான் கேட்டார். பாம்புக் காது செவிட்டுக் காதாகிவிட்ட சேதி அன்று மதியத்துக்குள் ஊர் சுற்றிவிடும் என்று தெரிந்தே சொன்னார். யாரும் கேலி பண்ணவில்லை. ஒருத்தர் வந்து தூக்கக் கை கொடுத்தார். பெட்டியில் பீர் கறை வட்ட வட்டமாக இருந்தது. வண்டியிலேயே வைத்து ஈரத்துணியால் துடைத்தார், பாதிதான் போயிற்று.

புதிய ஆம்ப்ளிஃபயரில் பழைய ஸ்பீக்கரை மாட்டினார். கிளெனிஸ் போனைத் தொட்டாள். அதே வயலின்கள். டெஸ் காதுக்குப் போர்வை போத்தின மாதிரிதான் இருந்தது. பழக்க தோஷம், "கொஞ்சம்" என்று வாயெடுத்தார்.

"மூடு வாய," என்றாள் கிளெனிஸ்.

அவள் தோள் இறங்கியது. வாசற்பக்கம் போயிருந்த மோலி திரும்பி வந்து, ஸ்பீக்கரை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு அதன் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பாட்டில் பாடுகிறவர்கள் சேர்ந்ததும் கிளெனிஸின் உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. பல மாதம் பூட்டிக் கிடந்த குரல், முதலில் கரகரத்து, அப்புறம் நிலைக்கு வந்தது. கீழ்க்குரல், அது டெஸ்ஸுக்கு நன்றாகவே கேட்டது. அவர் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். இதை இன்னொருத்தரிடம் அவர் நிஜமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிளெனிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ரெக்ஸ் சமையல்கட்டுல நின்னு என்னமோ உருட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு." போனைக் கீழே வைத்தாள். "இந்தக் குளிர்காலம் பூரா அவன் இங்கயே இருந்திருக்கலாம் டெஸ். நீ வெளியில நிக்க வெச்சுட்ட."

டெஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவர் காதுக்குத் தப்பவில்லை.