மைக்கில் கேட்ட என் பெயர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கரக்பூரில் மளிகைக்கடை வைத்து, சொந்த உழைப்பில் மாடி வீடு கட்டியவன். போன சனி, ஞாயிறு என் மனைவி செல்லம்மாவுக்குக் கொல்கத்தாவைச் சுற்றிக்காட்டினேன்.

எனக்கு ஊரெல்லாம் குப்பை. அவளுக்கு எல்லாமே அழகு. நியூ டவுனில் ஏரிப் பூங்காவுக்குப் போனபோது முழங்கால் வலியென்று பின்தங்கினாள்.

"நடக்கத் துப்பில்லாதவளுக்கு டூர் ஒரு கேடா?" என்று திட்டிவிட்டு முன்னால் போனேன்.

திரும்பினால் ஆளைக் காணோம். அவளிடம் போன் இல்லை. "உனக்கு எதுக்கு?" என்று நான்தான் வாங்கித் தரவில்லை. ஏரித் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது ஒலிபெருக்கியில் அவள் குரல்: "முத்தையா! நான் கேட் பக்கத்து ஆபீஸ்ல இருக்கேன். இங்க ஒரு தீதி, நம்ம அக்கா மாதிரி, டீ குடுத்தாங்க. மெதுவாவே வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை வாயால் சொல்லாதவள்!

ஓடிப்போய், "பேரைச் சொல்லிட்டியேடி!" என்றேன்.

"தொலைஞ்சவர் பேர் என்னன்னு கேட்டாங்க, சொன்னேன்," என்றாள்.

வீடு திரும்பியதும், டூர் எப்படி என்று விசாரித்த பக்கத்து வீட்டம்மாவிடம், "இவர் தொலைஞ்சிருந்த நேரம் நல்லா இருந்துச்சு," என்றாள், என் எதிரிலேயே.

இப்போது அவளிடம் போன் இருக்கிறது. வெளியே போனால் நான் அவளுக்குப் பின்னால்தான் நடக்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.