வளைவில் ஒரு கறுப்பு

தெருவில் தாரைப் பெயர்க்கிறார்கள். தட்தட்தட் என்று இயந்திரம் தரையை இடிக்க ஆரம்பித்ததும் என் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது, மூச்சு பாதியில் நிற்கிறது. அசையாதே என்று ஒரு சத்தம் என்னிடம் மட்டும் சொல்கிறது. கூடவே மனைவியின் அண்ணன் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் அவருக்கு வேலை. மூளையின் ரத்தக் குழாய்களை, மருந்து ஏற்றாமல், காந்தத்தைக் கொண்டே படமெடுப்பதில் ஒரு பித்து. பழைய முறையில் நோயாளி நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும். பக்கவாதம் வந்து தவிக்கிறவர் எப்படிக் கிடப்பார்? அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் சீக்கிரமே எடுத்து முடிக்கும் ஒரு முறையை வருஷக்கணக்காக இழைத்துக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க நோயில்லாத தலை வேண்டும். "உங்க தலையில ஒண்ணுமே இல்லன்னு தங்கச்சி தெனம் சொல்லுது மாப்ள. எனக்கு அந்த மாதிரி தலைதான் வேணும், வாங்க" என்று கூப்பிட்டார். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. கடலூரில் பஸ் ஏறிப் போய்ப் படுத்தேன். ஸ்கேன் இயந்திரம் தலையைச் சுற்றித் தட்தட்தட் என்று இடிக்க, அசையாமல் கிடந்தேன்.

எழுந்து வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. திரையில் வெள்ளையாகக் கிளைத்து ஓடிய குழாய்களில் ஒன்று, கண்ணுக்குப் பின்னால் வளையும் இடத்தில் அறுந்து கிடந்தது. அங்கே ஒரு கறுப்பு. "ஆடிட்டீங்க மாப்ள" என்றார். நான் ஆடவில்லை. அது அவருக்கும் தெரியும். மறைக்க வராத மனிதர், கேட்டதும் சொல்லிவிட்டார்: குழாய் நிஜமாகவே அடைத்திருக்கலாம், அல்லது வளைவில் ரத்தம் சுழித்து ஓடுவதைப் பிடிக்க அவருடைய புது முறைக்குத் தெரியாமல் இருக்கலாம். பழைய முறையில் மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்கள் முடியட்டும் என்றார்.

பகல் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டினேன். மனைவி போனில், "மீன் வாங்கட்டுமா?" என்றாள். "வாங்கு" என்றேன். அந்த ஒரு சொல்லாவது குழறாமல் வந்ததா என்று அப்புறம் நெடுநேரம் யோசித்தேன். அவர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இத்தன வருஷமா பண்ணதெல்லாம் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன் மாப்ள" என்றார். தன் உழைப்பு தோற்கட்டும் என்று ஒருவர் வேண்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாலையில் பழைய முறையில் எடுத்த படத்தில் குழாய் அழகாக வளைந்து முழுசாக ஓடியது. திரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

இப்போதெல்லாம் அந்தப் படத்தைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்களாம். எங்கோ யாரோ அந்த வளைவைச் சரிசெய்திருப்பார்கள். என் காதில் நிற்பது, கடலூர் பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவரின் குரல்தான்.

"நீங்க போய் நல்லா தூங்குங்க மாப்ள. நான் நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."