மலடி என்று நான் சொன்னவள்

கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் திருமயத்துக்காரன். மணமேல்குடியில் கருவாடு வாங்கிப் புதுக்கோட்டைச் சந்தையில் விற்பவன். என் மனைவி சிவகாமியை ஊரே மலடி என்றது. ஊரைச் சொல்வானேன்? முதலில் சொன்ன வாய் என்னுடையது.

செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்று அவள் பட்டினி கிடந்தாள். என் ஆத்தா கண்ட கண்ட பச்சிலையையும் அரைத்து ஊற்றினாள். சிவகாமி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பாள். நான் கள்ளுக்கடையில் உட்கார்ந்து, "எனக்கென்னடா கொறை? நான் சிங்கம்!" என்று மீசையை முறுக்குவேன். நாளைக்குப் பத்துச் சுருட்டு. அந்தச் சிங்கத்தின் நாற்றத்துக்கு நாய்கூடப் பக்கத்தில் வராது.

உலக யுத்தம் நடந்த சமயம், ஓர் ஆனி மாதத்தில் மாமன் மகளை எனக்கு இரண்டாம் தாரமாகப் பேசினார்கள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. சிவகாமி அழவில்லை. தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட கோளாறு ஒண்ணும் தெரியலையாம். பட்டினி கெடக்காம சாப்பிடச் சொன்னாங்க. ஒங்களை வரச் சொன்னாங்க. வரலைன்னா அந்தப் புள்ள வீட்டுக்கு நானே போயி எல்லாத்தையும் சொல்லிருவேன்" என்றாள்.

மானத்துக்குப் பயந்து போனேன். டாக்டரம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கேட்டார்.

"மாசத்துல எத்தனை நாள் வீட்டுல இருப்பீங்க?"

"யாவாரமுங்க... அஞ்சாறு நாள் வருவேங்க."

"அன்னைக்காவது குடிக்காம இருப்பீங்களா?"

முறுக்கிய மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அப்பறம் பிள்ளை எப்படி வரும்? தபால்லயா?"

வெளியே பெண்கள் சிரித்தார்கள். கள்ளையும் சுருட்டையும் விடு, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கு, வீட்டில் இரு, அதற்கு மேல் நான் உறுதி சொல்ல முடியாது என்றார்.

மூன்று நாள் விட்டேன். நாலாம் நாள் சிங்கம் கள்ளுக்கடையில் கிடந்தது.

மறு கிருத்திகைக்கு விராலிமலை ஏறினேன். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. அந்த மலையில் முருகனுக்குச் சுருட்டும் படைப்பார்கள். மடியில் இருந்த சுருட்டுக் கட்டு முழுவதையும் அப்படியே வைத்துவிட்டு அழுதேன். "புள்ள கேக்கலப்பா. இதையெல்லாம் விடுற புத்தியக் குடு."

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ஆசை வரும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தேன். கூட்டாளிகள் என்னைப் பொண்டாட்டிதாசன் என்றார்கள். பேசிய கல்யாணத்தை நானே நிறுத்தினேன். ஆத்தா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வாரத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினேன். சிவகாமி விரதத்தை விட்டுவிட்டுக் கீரையும் மீனும் கேழ்வரகுக் களியும் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் அவளுக்கு நாள் தள்ளியது. வைகாசியில் பெண் பிறந்தாள். "பொட்டப்புள்ளதானா?" என்று உறவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பிள்ளையே இல்லாதபோது ஏசிய அதே உதடுகள்தான்.

விராலிமலை ஏறும் அடியார்களே, எல்லாம் செய்தும் சிலருக்குப் பிள்ளை வராமல் போகலாம். அப்போதும் பெண்ணை ஏச உங்களுக்கு வாயில்லை. முருகனிடம் பிள்ளை கேட்கும் முன்பு, மனுஷனாக இருக்கும் புத்தியைக் கேளுங்கள். கொடுப்பான். எனக்கே கொடுத்தான்.