மூன்றாவது ‘வர்றேனுங்க’

அந்த அம்மா மூன்று முறை சொன்னார். நான் ஒரு முறை என்று பொய் சொன்னேன்.

போலீசிடம் அப்படித்தான் சொன்னேன். அவருடைய கணவரிடமும் அப்படித்தான். கோயிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, ஃபாதரிடம்கூட ஒரு முறை என்றுதான் சொன்னேன். ஆண்டவரிடமே எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்ன ஆள் நான்! உங்களிடம் மட்டும் ஏன் சரியாகச் சொல்கிறேன்? உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இருக்கும்.

மலைமேல் குந்தாப் பக்கம் ஓர் ஏரிக்காப்பகத்தில் நான் கேட் வாட்ச்மேன். பெயரெல்லாம் வேண்டாம். மின்சாரத்துக்காகத் தேக்கி வைத்த தண்ணீர், அதைச் சுற்றிச் சோலைக்காடு, நடுவே ஒற்றையடி நடைபாதை. பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் சும்மா காலாற நடக்கவும் ஆட்கள் வருவார்கள். உள்ளே போகிறவர் பெயரை நோட்டில் எழுத வேண்டும். வெளியே வந்ததும் எதிரே நேரம் குறிக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் இரண்டு நாள், ஊர் சுற்ற வந்தவர்கள் தாமதமாக வெளியே வந்ததால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஐந்தே காலுக்கு வரும் பஸ் அது. அதை விட்டால் எஸ்டேட் லைன் வீடு வரைக்கும் பனியில் நடைதான். முதலில் ஏறினால் இன்ஜின் பக்கத்துச் சீட்டு கிடைக்கும். கதகதப்பாக இருக்கும், முட்டி வலிக்கு இதமாக இருக்கும். சிரிக்காதீர்கள்... இந்தக் கதையே அந்தச் சீட்டுக்காகத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். மத்தியானம் அந்த அம்மா தனியாக வந்தார். கோபிப் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் பைனாகுலர், கையில் நீலக் குடை. பஸ்ஸில் வந்து இறங்கியவர். நோட்டில் மணிமணியான எழுத்தில் பெயர் எழுதினார். ஏனுங்க, அந்தக் கோடியில் நீர்க்கோழி தெரியுமாங்க என்று கேட்டார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரிங்க என்று சிரித்துவிட்டு நடந்தார்.

நான்கு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அக்கரை போகும். பிறகு தண்ணீர் போகும். கடைசியில் நீட்டிய உங்கள் கையே போய்விடும். ஆனால் சத்தம் மட்டும் போகாது. எங்கோ இருமுகிறவன் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இருமுவான்.

மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நோட்டில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஐந்து மணிக்குப் பாதை முனையில் நின்று கத்தினேன். ‘ஏனுங்க டீச்சரம்மா, கேட்டைச் சாத்தப் போறேனுங்க!’

உடனே பதில் வந்தது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, தெளிவாக.

‘வர்றேனுங்க!’

காத்திருந்தேன். ஆள் வரவில்லை. காலடிச் சத்தமும் இல்லை. அந்த வாரத்துக் கோபமெல்லாம் மண்டைக்கு ஏறியது. மறுபடி கத்தினேன். மறுபடி அதே பதில், கொஞ்சம் இழுத்து. ‘வர்றேனுங்க...’

இங்கேதான் நீங்கள் என்னைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் கிளம்புகிறவர் போறேன் என்று சொல்வதுண்டா? அது ஆகாத சொல். வர்றேனுங்க என்று சொல்லிவிட்டுத்தான் யாரும் படியிறங்குவோம். இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதுதான் சொல், போய்விட்டு வருகிறேன் என்பதற்கும் அதுதான் சொல். அக்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் ஏறி வரும் ஒரு வழி, மேலே ரோட்டில் போய்ச் சேரும். அந்த வழியாக ஏறிவிட்டார், விடைபெறுகிறார்... அப்படி எடுத்துக்கொண்டேன். இல்லை, எடுத்துக்கொண்டேன் என்பதே பொய். அந்த அர்த்தம் எனக்குத் தோதாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

கேட்டைப் பூட்டினேன். காலிக் கட்டம் இருந்தால் மேலதிகாரி சத்தம் போடுவார். அதனால் அந்த அம்மா பெயருக்கு எதிரே 4.50 என்று எழுதி வைத்தேன். ரோட்டு வளைவில் பஸ் ஹார்ன் கேட்டது. இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

அப்போது மூன்றாவது முறை வந்தது.

இந்த முறை நான் கூப்பிடவே இல்லை. யாரும் கேட்காமலே அந்தக் குரல் வந்தது. ‘வர்றேனுங்க...’ அந்த ‘ங்க’ மட்டும் தேய்ந்து, மூச்சில் கரைந்து போனது.

இந்த மலையில் ஒரு நம்பிக்கை உண்டு. காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் ஒரு முறை வந்தாலும் இரண்டு முறை வந்தாலும் திரும்பக் கூடாது, அது வேறு ஏதாவது. மூன்றாவது முறையும் வந்தால் அது மனிதர்தான் என்பார்கள். எனக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்! விடைபெறுகிறவர் யாராவது மூன்று முறை விடைபெறுவாரா? சாவி என் கையில்தான் இருந்தது. கேட் பத்தடி தூரத்தில் இருந்தது.

நான் பஸ் ஏறினேன். இன்ஜின் பக்கத்துச் சீட்டு கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. வீட்டுக்கு வந்து சேரவில்லையாம், போனும் போகவில்லையாம். ஏரிப் பக்கம் டவர் கிடைக்காது. நோட்டைப் புரட்டினார்கள். 4.50, வெளியே போய்விட்டார். நானும் பார்த்ததைப் போலவே சொன்னேன்: வர்றேனுங்கன்னு சொல்லிட்டு ரோட்டுப் பக்கம் போனாங்க சார். என் எழுத்தையும் என் பேச்சையும் நம்பி, இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டிலும் லாட்ஜுகளிலும் தேடினார்கள். நான் கேட்டருகே நின்று தேயிலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கம் ஒரு முறை போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கால் எழவில்லை. போய்ப் பார்த்து, உயிரோடு இருந்துவிட்டால் நான் எழுதிய 4.50-க்கு என்ன பதில் சொல்வது?... ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். மனிதன் இப்படியும் நினைப்பான்.

மூன்றாம் நாள் மீன் பிடிக்க வந்தவர் நீலக் குடையைப் பார்த்தார், பக்கத்தில் அந்த அம்மாவின் உடல். சதுப்பில் கால் புதைந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே கணுக்கால் சிக்கி ஒடிந்திருந்தது. கேட்டிலிருந்து முந்நூறு எட்டு தூரம்தான். பிறகு நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். முதல் ராத்திரி முழுக்க உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பக்கத்துப் பாறையில் பைனாகுலரைத் துடைத்து, வாரைச் சுற்றி, ஒழுங்காக வைத்திருந்தார்.

அவர் ஏன் ‘காப்பாத்துங்க’ என்று கத்தவில்லை? ஆறு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ச்மேனைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சமா? காலை எப்படியாவது உருவிக்கொண்டு வந்துவிடலாம் என்ற தைரியமா? மத்தியானம் நான் முகம் காட்டிய லட்சணத்துக்கு, இவனிடம் உதவி கேட்பதா என்று நினைத்துவிட்டாரா? கத்தியிருந்தால் ஓடியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பஸ் ஹார்ன் கேட்ட பிறகும் ஓடியிருப்பேனா? தெரியவில்லை.

இப்போது நான் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் போறேன் என்றுதான் சொல்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா திட்டாத திட்டில்லை. வாய்நிறைய வர்றேன்னு சொல்லிட்டுப் போங்களேன் என்பாள். என்னால் முடியாது. பனி இறங்கிய சாயங்காலங்களில் அந்தச் சொல்லை நான் வேறு இடத்திலிருந்து கேட்கிறேன். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து... ஒரு முறை. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. நான் சாவியைப் பிடித்தபடி நிற்பேன். மூன்றாவதற்காகக் காத்திருப்பேன். அது வராது. வந்தால் ஓடிவிடலாம் என்று நிற்பேன், வராது!

அவருடைய கணவர் வருடந்தோறும் அந்த நாளில் வருவார். சாதுவான மனிதர். கேட்டருகே நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார். கடைசியா என்னங்க சொன்னா? வர்றேனுங்கன்னு சொன்னாங்க என்பேன். எத்தனை தரம் என்று அவர் கேட்டதில்லை. விடைபெற்ற பிறகு வழி தவறி ஏரிப் பக்கம் திரும்பியிருப்பாள் என்றே நம்புகிறார். அவருக்கு அந்தச் சொல்லில் ஓர் ஆறுதல்.

‘எங்கயும் சொல்லிக்காமப் போக மாட்டாளுங்க’ என்பார். ‘உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாளே.’

என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சாவி பிடிக்கும் கை.

இந்த வருடமும் வந்தார். போன வியாழக்கிழமை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறந்தேன்... அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணி இருக்குங்களா என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகூப்பினார்.

‘அப்ப நான் வர்றேனுங்க.’

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அதே சொல் திரும்பி வந்தது.

அவர் நின்றார். உள்ளே யாராவது இருக்காங்களா என்று கேட்டார். இல்லீங்க, எதிரொலிங்க என்றேன். தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. ஏரிப் பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றார். மறுபடி வந்தது. கொஞ்சம் இழுத்து.

ஆறு வருடமாக நான் காத்திருந்த அந்த மூன்றாவது, அவர் எதிரிலேயே வந்தது. அந்த ‘ங்க’ அப்படியே தேய்ந்து போனது.

அவர் சொன்னது ஒரே ஒரு முறைதான். திரும்பி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பஸ் பக்கம் நடந்தார்.

எண்ணியிருப்பாரோ?