குழவிக்கல் படுத்த மெத்தை

அன்று எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை, நான் எதையும் பார்க்கவில்லை என்று நழுவக்கூடாது.

நான். முப்பது நாள் ஆன என் மகன். என் வீட்டுக்காரர். அவருடைய அப்பா, என் மாமா. என் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா. என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். அண்ணியின் கணவர், அவர் வந்ததிலிருந்து போகும்வரை காடியை, அதான் காரை, நிழலில் நிறுத்துவதைப் பற்றி மட்டுமே பேசினார். இவ்வளவுதான். இவர்களைத் தவிர அண்ணியின் கைப்பேசிக்குள் உட்கார்ந்து லைவ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களை நான் அழைக்கவில்லை. அண்ணிதான் அழைத்தார்.

எங்கள் எஸ்டேட் மலேசியாவில், மம்பா ஊரைத் தாண்டி போர்டிக்சன் போகிற பக்கம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். அண்ணி பாரோயில் இருக்கிறார். அங்கே வீட்டிலிருந்தே வியாபாரம்: வளைகாப்புத் தட்டு, சீர்வரிசைத் தட்டு, குழந்தைக்கு மெத்தை தலையணை செட்டு. எல்லாவற்றையும் தைக்கக் கொடுத்து, ரிப்பன் கட்டி, படம் எடுத்துப் போட்டு விற்பார். கை ராசிக்காரர் என்று பெயர். வாய்க்கும் ஒரு பெயர் உண்டு, அதை நான் எழுதவில்லை.

எனக்குப் பயம் அதிகம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஜாதி நான். குழந்தை விஷயத்தில் அது இன்னும் மோசம். அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயசில், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள. அம்மா பால்மரம் வெட்ட, ரப்பர் பால் எடுக்கப் போகும்போது தம்பியை மெத்தையில் போட்டு, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சுத் தலையணை அணைத்துவிட்டுப் போவார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு ரொம்ப அமைதியாக இருப்பதுபோல் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால் தம்பியின் முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. இழுத்துத் தூக்கினேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. முதுகைத் தட்டினேன், கத்தினேன், அப்புறம் அவன் கத்தினான். இன்று அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், என்னைவிட இரண்டு மடங்கு இருப்பான். ஆனால் வீடு அமைதியானால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அதனால் என் மகன் பிறந்ததும், அவன் தூங்கும்போது மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மூச்சு கையில் படும். அது பட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அண்ணி பார்க்க வந்தார். நான் மூச்சு பார்த்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று படம் பிடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற உடம்பு, கலைந்த தலை, பால் கறை படிந்த நைட்டி. அதைக் கோமாளிப் பாட்டு ஒன்றோடு சேர்த்து, "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று எழுதிப் போட்டுவிட்டார். அடியில் எத்தனை சிரிப்பு. பாரோயில் எனக்குத் தெரியாத பெண்கள் எல்லாம் சிரித்திருந்தார்கள். ஒருத்தி, பிள்ளைக்கு முன்னால் இந்த அம்மாவைத் தொட்டிலில் போடுங்கள் என்று எழுதியிருந்தாள். அண்ணி அதற்கு இதயம் போட்டிருந்தார்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். சும்மா தமாஷுக்கு லா, விடு என்றார். நான் விடவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை எந்த இடத்தில் சிரித்தார்களோ அதே இடத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை.

எங்கள் பக்கம் முப்பதாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போடுவோம். மரத்தொட்டில் வீட்டுடையது. படுக்கை அத்தையின் சீர். அத்தைதான் கொண்டுவருவார், அத்தைதான் பிள்ளையைக் கிடத்துவார். அதைத் திருப்பி அனுப்புவது முகத்தில் அறைவது மாதிரி. என்ன வருகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அண்ணி அதைப் படம் போட்டிருந்தார்: அரைச் சாண் உயரத்துக்குப் பொங்கின இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை, தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை, மேலே ஜரிகை வைத்த பஞ்சுப் போர்வை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாண கேக் மாதிரி.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் மிஸ்ஸியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மெத்தை கெட்டியாக, மட்டமாக இருக்கவேண்டும், கையால் அமுக்கினால் உடனே திரும்பி வரவேண்டும், விரிப்பு இழுத்துப் பிடித்திருக்கவேண்டும், பிள்ளையை மல்லாக்கத்தான் போடவேண்டும் என்றார். தலையணை, போர்வை, பொம்மை, ஒன்றும் வேண்டாம், ஒரு வயசு வரைக்கும். குளிரும் என்று பயந்தால் சட்டை போடு, போர்வை போடாதே. இந்த வெயிலில் எங்கே குளிரப்போகிறது என்று அவரே சிரித்தார். தலை தட்டையாகிவிடும் என்று சொல்கிறார்களே என்று கேட்டேன். முழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கொஞ்சநேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டு, தூக்கி வைத்துக்கொள், போதும் என்றார்.

மறுநாளே என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். தொட்டிலின் உள்ளளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். கடையில் இருந்த ஒவ்வொரு மெத்தையையும் முஷ்டியால் அமுக்கிப் பார்த்தேன். சிலது மாவு மாதிரி உள்வாங்கியது. சிலது பிளாஸ்டிக் உறையோடு வியர்த்தது. கடைப்பெண் என்னைப் பார்த்த பார்வை, கழுதை வாங்க வந்தவள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள் என்பதுபோல் இருந்தது. பார்க்கட்டும். கடைசியில் மெலிசாக, கெட்டியாக ஒன்று கிடைத்தது. தொட்டிலுக்குள் வைத்தால் ஓரத்தில் விரல் நுழைய இடமில்லை. பருத்தித் துணியில் நானே உறை தைத்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து இழுத்து மாட்டினேன். தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. தொட்டிலுக்கு இன்னும் நாள் இருந்ததால், அதைத் தரையில் வைத்து மல்லாக்கப் போட்டதும் என் மகன் கையைக் காலை நீட்டித் தூங்கினான். நானும் அன்று கொஞ்சம் தூங்கினேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மெத்தையால் இல்லை. குழவிக்கல்லால்.

பிள்ளையைப் போடுவதற்கு முன்னால், எங்கள் வழக்கப்படி அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, துணி சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டுவோம். பிள்ளை கல் மாதிரி திடமாக இருக்கட்டும் என்று. மாமாவுக்கு அது நடந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டுக் குழவி சின்னது, அப்போதைய என் மகன் எடைதான் இருக்கும். அன்று காலையில் நான்தான் அதைக் குளிப்பாட்டினேன். பொட்டு வைத்ததோடு நிற்காமல், கண்மையை எடுத்து இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் வரைந்தேன். மகனுடைய தொப்பியை மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்.

அண்ணி வந்தார். முதலில் கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட்டார். அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தார். தொட்டிலில் இருந்த என் மெத்தையை விரலால் தட்டினார்.

"என்னா இது, பலகையா? என் மருமகன் என்ன குத்தம் பண்ணான், லாக்கப்புல போட்டு வச்சிருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதையும் நான் மறக்கவில்லை. மிஸ்ஸி சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணி கைப்பேசியைப் பார்த்து, டாக்டரம்மா பேசுகிறார், எல்லாரும் கேட்டுக்குங்க என்றார். நாங்கள் எல்லாம் பஞ்சு மெத்தையில் தூங்கித்தானே வளர்ந்தோம், செத்தா போய்விட்டோம் என்றும் கேட்டார். என் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, "நீங்க கொண்டுவந்ததைப் போடுங்க அண்ணி, உங்க சீர்தானே" என்றேன். என் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு சுலபமாக நான் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை என்று பெற்றவருக்குத் தெரியும்.

அண்ணி மெத்தையை வைத்தார். உருட்டுத் தலையணைகளை அணைத்தார். கடுகுத் தலையணையை நடுவில் வைத்துக் குழி பண்ணினார். ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குக் காட்டி, ஆர்டர் எடுக்கப்படும் என்றும் சொன்னார். மாமா கல்லைக் கேட்டார். கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தேன். முகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அதையும் கேமராவுக்குக் காட்டி, கல்லு மாப்பிள்ளை என்று கொஞ்சினார். பிறகு கிடத்திப் போர்வையைப் போர்த்தி, தாலாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு தொட்டிலை ஆட்டினார்.

மூன்றாவது ஆட்டத்திலோ நான்காவதிலோ கல் மெத்தைக்குள் இறங்கியது. கடுகுத் தலையணை ஒருபக்கம் சரிந்தது. கல் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, முகத்தை உருட்டுத் தலையணைக்குள் கொடுத்தது. பொங்கின பஞ்சு இரண்டு பக்கமும் எழும்பி மூடிக்கொண்டது. ஜரிகைப் போர்வை மேலே ஏறியது. தொப்பியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குத் தெரியும். இந்த முறை அதை எல்லாரும் கேட்கட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.

மாமா தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார். "மூக்கு எங்க?" என்றார்.

நான் போய், அண்ணி படம் பிடித்தாரே, அதே மாதிரி, புறங்கையைக் கல்லுக்கு நேரே நீட்டினேன். கைப்பேசிக்குத் தெரிகிற மாதிரி நின்றுதான் நீட்டினேன்.

"மூச்சு இல்ல அண்ணி."

அண்ணியின் முகம் சிவந்தது. "கல்லு உருளும். முப்பது நாள் புள்ள உருளுமா? வேணும்னே பண்றியா?"

"உருளாம இருக்கலாம், தலைய திருப்பினாலே போதும். இவன் கல்லு, மூச்சு வேணாம். அதனால தப்பிச்சான்."

அண்ணி கைப்பேசியை எடுக்கப் போனார். ஆனால் ஸ்டாண்டின் பிடி இறுக்கமானது, உடனே வரவில்லை. அதற்குள் மாமா, யாரிடமும் கேட்காமல், உருட்டுத் தலையணையை ஒன்று, இரண்டு என்று எடுத்துத் தரையில் போட்டார். போர்வையைப் போட்டார். கடுகுத் தலையணையைப் போட்டார். மெத்தையை இழுத்தார். அது எல்லாம் லைவில் போனது. நான் கல்லை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த என் பலகையை எடுத்துத் தொட்டிலில் வைத்தேன். நான்கு மூலையையும் இழுத்துச் சரிபார்த்தேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லவள் என்று பெயர் வந்திருக்கும். எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அண்ணி வாசலுக்குப் போய், கணவரைக் காடியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அத்தைதானே கிடத்தணும். வாங்க அண்ணி. இல்லாட்டி நாலு பேரு பேசுவாங்க லா."

அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதானே அவர் இத்தனை பேசினார். திரும்பி வந்தார். என் மகனை இரண்டு கையாலும் வாங்கி, நான் வாங்கின மெத்தையில், மல்லாக்க, தன் கையாலேயே கிடத்தினார். ஒன்றும் இல்லாத தொட்டிலில் அவன் ஒருவன் மட்டும். கண் இரண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் காதில் அண்ணி பெயரைச் சொன்னார். நான் அதைக் கேட்டு ரசித்தேன். இன்றைக்கும் நினைத்தால் வாய் இனிக்கிறது.

சாப்பிடாமல் போனார். மெத்தைச் செட்டை எடுத்துக்கொண்டும் போகவில்லை. லைவைப் பார்த்தவர்களில் யாரோ அதைப் பிடித்து வைத்துப் பரப்பிவிட்டதாகவும், அண்ணிக்கு வந்திருந்த ஆர்டர்கள் ரத்தாகிவிட்டதாகவும் பக்கத்து வீட்டு அக்கா மூலம் தெரிந்துகொண்டேன். நான் பரப்பவில்லை. பரப்பியவர் கை நன்றாக இருக்கட்டும்.

மெத்தையை என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் வீட்டு வரிசையில் சுற்றுகிற கறுப்பு நாய் அப்போது குட்டி போட்டிருந்தது. மெத்தையை வாசல் ஓரம், கோயிலுக்குப் போகிற பாதை பார்த்து விரித்துவிட்டேன். ஜரிகைப் போர்வையோடு. நாய்கூட முதல் நாள் குட்டிகளை அதில் போடவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டுச் சிமெண்டுத் தரையிலேயே படுக்க வைத்தது. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் அதுகளே ஏறி விளையாடின. கோயில் திருவிழாவுக்கு வந்த அண்ணி அந்தப் பாதையில்தான் நடக்கவேண்டும். நடந்தார். பார்த்தார்.

அன்று சாயங்காலமே செட்டுக்கு விலை கேட்டு ஆள் அனுப்பினார்: முந்நூற்று இருபது ரிங்கிட். சீருக்கு விலை கேட்ட முதல் அத்தை எங்கள் எஸ்டேட்டில் அவர்தான், அதையும் நான் போகிற வருகிறவர்களிடம் சொல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் ஐம்பது ரிங்கிட் கொடுத்திருக்கிறார். தெரிந்த அன்றோடு அதை நிறுத்தினேன். மகன் இப்போது நடக்கிறான், அந்தக் கெட்டி மெத்தையில்தான் இன்னும் தூங்குகிறான், நான் இன்னும் புறங்கையை நீட்டிப் பார்க்கிறேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நான் தராமலே இருக்கிறேன். பாக்கி இருநூற்று எழுபது ரிங்கிட்.