முதல் வாளி

மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது குழாய் வழியே கீழே போய்ச் சேர்வதற்குள் தானும் படியிறங்கிவிட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதிலும் வாளிக்காரர் தண்ணீரோடு இந்தப் பந்தயத்தை விடவில்லை. அநேகமாகத் தண்ணீர்தான் ஜெயிக்கும். மூச்சு வாங்க வந்து குழாய் வாயருகே குந்திப் பார்ப்பார். வாளியில் சொட்டு நீலம் கலந்திருப்பார்; எந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று அது காட்டிக்கொடுத்துவிடும். "மனுஷன் மழுப்புவான் சார். நீலம் மழுப்பாது" என்பார்.

தொழில் பிளம்பர். மழைக்கு முந்திய மாதத்தில் அவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாடி ஓட்டைகளில் சருகு அள்ளுவார், சாக்கடை மூடியைத் திறந்து மண் வாருவார், ஒழுகும் மூட்டுகளை மாற்றுவார். தெருக்காரர்கள் அவரைக் கூப்பிடுவது பாதி வேலைக்கு, பாதி வேடிக்கைக்கு. ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: அடைப்புக்கு யார் காரணமோ, வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரேதான் மாடி ஏற வேண்டும். கரப்பான் வருகிறதென்று மாடி ஓட்டையில் பழைய பனியனைத் திணித்த வங்கி மேலாளர் ஏறியிருக்கிறார். செடித்தொட்டி மண்ணைக் குழாயில் கழுவிவிட்ட டாக்டரம்மா, நோயாளிகள் பார்த்துச் சிரிக்க, தானும் சிரித்துக்கொண்டே ஏறியிருக்கிறார்.

அவருக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. "இப்போதைக்கு ஒரு துணிய சுத்தி விடுங்க" என்று யாராவது சொன்னால் போதும், ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். "இப்போதைக்குன்னு போட்ட பைப்புதான் சார் பேரன் பேத்தி எடுக்குது!"

ஊரார் வீட்டையெல்லாம் உலர வைத்தவரின் வீட்டில், ஆறு வருஷமாகக் கனமழை பெய்தால் குளியலறை ஓட்டை வழியே தண்ணீர் மேலே பொங்கி, மனைவி தைக்கும் அறைக்குள் வந்துவிடும். பழி மச்சினன் மேல். வீட்டைக் கட்டிய கொத்தனார் அவன்தான். "மாப்ள தரைக்கு வாட்டம் சரியா விடல, தண்ணி எப்படி ஓடும்?" என்று தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு வருஷமும் அவனையே முதல் வாளி தூக்க வைப்பார். அவனும் சிரித்துக்கொண்டே தூக்குவான். இந்த வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது. தெருக்கோடி வீட்டுக்காரர் அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுத் தரைவேலையை வேறு கொத்தனாரிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு கோலிக்குண்டோடு வந்தான் மச்சினன். "பாருங்க மாமா" என்று குளியலறையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் குண்டை விட்டான். நாலு தடவையும் அது நேரே ஓட்டையில் போய் நின்றது.

"குண்டுதானே மாப்ள, அது எங்கயும் உருளும்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "ஊருக்கெல்லாம் நீலம் ஊத்துறீங்களே, நம்ம வீட்டுல ஒரு தடவ ஊத்தியிருக்கீங்களா? இந்த மழைக்கும் என் மெஷின் கட்டில்ல ஏறுச்சுன்னா, நீங்க தரையில படுத்துக்கங்க."

ஊற்றியதில்லை. தான் போட்ட குழாயைத் தானே சந்தேகப்படுவதா என்ற மிதப்பு.

மனைவியும் அவள் தம்பியும் வாசலில் தெருக்கால்வாய் ஓரமாக நின்றார்கள். மாடித் தண்ணீர் அங்கேதான் விழ வேண்டும். அவர் மாடியில் நீல வாளியை ஊற்றிவிட்டு ஓடி வந்தார். படி இறங்குவது வீட்டின் பின்பக்கம். அங்கே, குளியலறைத் தண்ணீர் போகும் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தார். உள்ளே நீலம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு கட்டும்போது ஒரு சாயங்காலம் குழாய் கொஞ்சம் குறைந்துபோனது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று மாடிக் குழாயைக் குளியலறைக் குழாயிலேயே இணைத்தார். மறுநாள் பூச்சு வேலை. சுவர் மூடிக்கொண்டது, அவரும் மறந்துவிட்டார். மாடி மழை மொத்தமும் அந்த ஒற்றைக் குழாயில் இறங்கினால் பொங்காமல் என்ன செய்யும்? அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூடி காலடியில்தான் கிடந்தது. ஒரு தள்ளு தள்ளினால் மூடிக்கொள்ளும்.

"என்னங்க, இங்க நீலம் வரலையே?" என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.

அவர் மூடியைக் காலால் இன்னும் தள்ளி ஒதுக்கினார்.

"இங்க வந்துடுச்சு. ரெண்டு பேரும் வாங்க."

மச்சினன் பார்த்தான். இருவருக்கும் சேர்த்து அவன் அக்காதான் வயிறு வலிக்கச் சிரித்தாள். மத்தியானத்துக்குள் சுவரை உடைத்து, அந்த இணைப்பை அறுத்தெடுத்து, மாடிக் குழாயைத் தனியாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். உடைத்த இடத்தை மச்சினனே பூசினான். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மூவருக்கும் நல்ல பசி. வேலை முடிந்ததும், ஆறு வருஷப் பழக்கத்தில், அவன் வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் நடந்தான்.

வாளிக்காரர் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போய் அந்தத் தெருக்கோடிக்காரர கூட்டிட்டு வா மாப்ள" என்றார்.

அந்த வீட்டுக்காரர் வந்து எதிரே நிற்கும்வரை, நிறைந்த வாளியைக் கீழே வைக்காமல் முதல் படியிலேயே நின்றார்.